க்னூபிளாட்டில் சொந்தக் கட்டளை எழுதுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சேலத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் ஒருவர் மேட்டூர் அணை நீர்மட்டத்தையும், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு மழை அளவையும் க்னூபிளாட்டில் (gnuplot, தரவைப் படமாக வரையும் மென்பொருள்) வரைகிறார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே வரிகள், ஊர் பெயரும் தலைப்பும்தான் மாறுகின்றன. கைடு "கோட்டைக் கொஞ்சம் தடியாகப் போடுப்பா" என்று சொன்னால் எல்லாக் கோப்பையும் திறந்து திருத்த வேண்டியிருக்கிறது. பைத்தானில் டெஃப் போட்டு எழுதுகிற மாதிரி இதில் சொந்தமாக ஒரு கட்டளையை உருவாக்க முடியுமா, மேக்ரோ உதவுமா, இல்லை பைத்தானுக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். இந்த வேலைக்காகப் பைத்தானுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஒரே ஒரு வழி இல்லை, நாலைந்து இருக்கின்றன, புதிதாக வருபவர்கள் குழம்புவது அங்கேதான். க்னூபிளாட் 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் எழுதி வெளியிட்டது. கணிதச் சார்புகளையும் தரவையும் திரையில் வரைந்து பார்ப்பதற்காக ஆரம்பித்த கருவி. மேக்ரோ, லூப், பிளாக் எல்லாம் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை, அதனால் ஒரு மொழியாக உட்கார்ந்து திட்டம் போட்டு வடிவமைத்ததுபோல் இருக்காது. எந்த வழியை எடுப்பது என்பதற்கு நான் பார்க்கிற ஒரே விஷயம்: நீங்கள் எழுதப்போகும் கட்டளையிலிருந்து வெளியே வர வேண்டியது என்ன? ஒரு எண்ணா, இன்னொரு கட்டளை வரியா, முழுப் படமா? எண் என்றால் ஃபங்ஷன். கட்டளை வரி என்றால் ஃபங்ஷனோடு ஈவேல் (eval). முழுப் படம் என்றால் தனிக் கோப்பு, அதைக் கூப்பிட கால் (call) என்ற கட்டளை. கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் சில பெயர்களை அங்கங்கே அடைப்புக்குள் ஆங்கிலத்திலேயே தருகிறேன்.

முதலில் எண். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எஃப்(எக்ஸ்) = ஏதோ ஒன்று என்று ஒரே வரியில் எழுதினால் முடிந்தது, ஒரு ஃபங்ஷனுக்கு 12 மாறி வரை கொடுக்கலாம். அணை கொள்ளளவு 93.47 டிஎம்சி, இன்றைய இருப்பு அதில் எத்தனை சதவீதம் என்று வேண்டுமா? சதம்(க) = 100.0*க/93.47. பிளாட் வரியில் யூஸிங்-க்குள் (எந்தப் பத்தியை எடுப்பது என்று சொல்லும் பகுதி) அடைப்புக்குறி போட்டு சதம்($2) என்று கூப்பிட்டால் இரண்டாம் பத்தியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சதவீதமாகி வரும்.

அந்த 100-க்குப் பின்னால் ஏன் புள்ளியும் பூஜ்யமும் போட்டேன் என்றால், அதுதான் க்னூபிளாட்டில் ஆட்களை அதிகமாக ஏமாற்றும் இடம். இங்கே முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், தசமம் காணாமல் போய்விடும். நம்மூர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது புத்தகக் கணக்கு. எவ்வளவு குளிரும் என்று பார்க்க குறைவு(உ) = 6.5*((உ-278)/1000) என்று எழுதி, பிரின்ட் குறைவு(1515) என்று கேட்டால் 6.5 என்று பதில் வரும். வர வேண்டியது 8.04. உள்ளே 1237-ஐ 1000-ஆல் வகுத்தபோது 1 மட்டும் மிஞ்சியது, 0.237 போய்விட்டது. 1000 என்பதை 1000.0 என்று மாற்றினால் சரியாகிவிடும். இதில் மோசமான விஷயம் என்னவென்றால், இதே தப்பான ஃபங்ஷனைத் தரவுக் கோப்போடு வரைந்தால் படம் சரியாகவே வரும், ஏனென்றால் கோப்பிலிருந்து படிக்கும் எண்களை அது தசம எண்ணாகத்தான் எடுத்துக்கொள்கிறது. படம் ஒன்று சொல்லும், கையால் சரிபார்த்த எண் வேறொன்று சொல்லும், ராத்திரி முழுக்க எங்கே தப்பு என்று தேட வேண்டியதுதான். ஆகவே ஃபங்ஷனுக்குள் வகுத்தல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி பூஜ்யம் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஃபங்ஷனுக்குள் நீங்கள் எழுதும் மாறிகளின் மதிப்பு எழுதும் நேரத்தில் உறைந்துவிடாது, கூப்பிடும் நேரத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். 93.47-க்குப் பதிலாகக் கொள்ளளவு என்று ஒரு மாறியை வைத்து எழுதியிருந்தால், பின்னால் அந்த மாறியை மாற்றியதும் ஃபங்ஷனும் தானாக மாறிவிடும். நல்லதுக்கும் உண்டு, வேறு எங்கோ அதே பெயரைப் பயன்படுத்திவிட்டால் கெட்டதுக்கும் உண்டு.

மழைத் தரவுக்கு மிகவும் கைகொடுக்கும் ஒரு வித்தை சொல்கிறேன். ஃபங்ஷனுக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கலாம், கமா போட்டுப் பல வேலைகளை வரிசையாகச் செய்யலாம், கடைசியில் இருப்பதுதான் விடை. அப்படியானால் மூன்று நாள் நகரும் சராசரி இப்படி: நகர்வு(எக்ஸ்) = (அ=ஆ, ஆ=இ, இ=எக்ஸ், (அ+ஆ+இ)/3.0). ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் பழைய எண் ஒரு படி தள்ளிப்போய், புதியது உள்ளே வரும். பிளாட் வரியின் தொடக்கத்திலேயே அ=ஆ=இ=நான் என்று போட்டுக் கமா வைத்துவிட்டு அப்புறம் கோப்புப் பெயரைக் கொடுங்கள். இங்கே நான் (NaN) என்பது 'எண் அல்ல' என்று சொல்லும் மதிப்பு, அதனால் முதல் இரண்டு நாளுக்குப் புள்ளி விழாது, அரைகுறைச் சராசரி படத்தில் ஏறாது. மொத்த மழை வேண்டுமென்றால் இதே பாணியில் கூட்டு=0 என்று ஆரம்பித்து, யூஸிங்-க்குள் (கூட்டு=கூட்டு+$2, கூட்டு). ஒவ்வொரு வளைகோட்டுக்கும் முன்னால் மறுபடி பூஜ்யமாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓமலூர் மழை முடிந்த இடத்திலிருந்து ஆத்தூர் மழை ஆரம்பிக்கும். தரவில் நாள் விட்டுப்போயிருந்தால் இந்த நகர்வுக்கு அது தெரியாது, அடுத்த வரியை அடுத்த நாள் என்றே நினைத்துக்கொள்ளும், அதை நீங்கள்தான் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

சரி, அடுத்தது நீங்கள் உண்மையில் கேட்டது, சொந்தக் கட்டளை. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேட்டூர் படத்தில் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடியில் ஒரு கிடைக்கோடு, அதன் மேல் எழுத்து. இதற்கு க்னூபிளாட்டில் தனிக் கட்டளை கிடையாது, செட் அரோ என்பதை வைத்து அம்புத் தலை இல்லாமல் வரைய வேண்டும்: செட் அரோ ஃப்ரம் கிராஃப் 0, ஃபர்ஸ்ட் 120 டு கிராஃப் 1, ஃபர்ஸ்ட் 120 நோஹெட். கிராஃப் என்றால் படச் சட்டத்தின் அளவு, 0 இடது ஓரம், 1 வலது ஓரம். ஃபர்ஸ்ட் என்றால் அச்சில் உள்ள உண்மையான எண். இந்த நீளமான வரியை ஒவ்வொரு தடவையும் அடிப்பதற்குப் பதில், அந்த வரியையே சரமாக (எழுத்துத் தொடராக) திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். மட்டம்(ய, பெயர்) = எஸ்பிரின்ட்எஃப்(...). எஸ்பிரின்ட்எஃப் (sprintf) என்பது % குறி உள்ள இடங்களில் மதிப்பை நிரப்பிச் சரமாகத் தருவது. அடைப்புக்குள் இரட்டை மேற்கோளில் முழு செட் அரோ வரி, 120 வரும் இரண்டு இடத்திலும் எண்ணுக்கான %ஜி, அரைப்புள்ளி போட்டு அடுத்ததாக செட் லேபிள், அதில் எழுத்துக்கு %எஸ், உயரத்துக்கு மறுபடி ஒரு %ஜி. பின்னால் அதே வரிசையில் ய, ய, பெயர், ய. அப்புறம் ஸ்கிரிப்டில் ஈவேல் மட்டம்(120, 'முழு மட்டம்') என்று எழுதினால் போதும். ஃபங்ஷன் ஒரு சரத்தைக் கொடுக்கும், ஈவேல் அந்தச் சரத்தை நீங்களே அடித்த கட்டளை மாதிரி ஓட்டும். என் கணக்கில் க்னூபிளாட்டில் சொந்தக் கட்டளை என்று மனதார சொல்லக்கூடியது இதுதான், பதிப்பு 6 இல்லாதவர்களுக்கும் ஓடும், ஒரு வரியில் முடியும், எங்கே வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மேற்கோள் குறி. வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை என்று பழகிக்கொள்ளுங்கள். லேபிளாகக் கொடுக்கும் எழுத்திலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் வரி உடைந்துவிடும். இரண்டு, கிடை அச்சு தேதியாக இருந்தால் அந்த அச்சில் இடத்தைத் தேதி வடிவிலேயே மேற்கோளுக்குள் கொடுங்கள். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக அணையைத் திறக்கும் ஜூன் 12-இல் செங்குத்துக்கோடு வேண்டுமென்று ஒரு நாள்கோடு(தேதி) எழுதினால், அங்கே %ஜி இல்லை, ஒற்றை மேற்கோளுக்குள் %எஸ். மூன்று, செட் அரோ, செட் லேபிள் இரண்டும் எண் கொடுக்காமல் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகும். மேட்டூரில் போட்ட 120 அடிக் கோடு, அடுத்து வரையும் ஏற்காடு மழைப் படத்திலும் வந்து நிற்கும், அல்லது அச்சின் எல்லைக்கு வெளியே போய்க் கண்ணில் படாமல் இருக்கும். ஒவ்வொரு படமும் முடிந்ததும் அன்செட் அரோ, அன்செட் லேபிள். அப்புறம் இவை எல்லாம் பிளாட் வரிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் போட்டால் அடுத்த ரீபிளாட்டில்தான் தெரியும்.

மேக்ரோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். நடை = "யூஸிங் 1:2 வித் லைன்ஸ் எல்டபிள்யூ 2" (எல்டபிள்யூ என்பது கோட்டின் தடிமன்) என்று ஒரு சரத்தை வைத்துக்கொண்டு, பிளாட் வரியில் @நடை என்று எழுதினால் அந்த இடத்தில் சரம் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். கைடு தடிமனை மாற்றச் சொன்னால் ஒரே இடத்தில் மாற்றலாம், அந்த அளவுக்கு நல்லது. 4-ஆம் பதிப்பில் செட் மேக்ரோஸ் என்று முதலில் சொல்ல வேண்டும், 5 முதல் தேவையில்லை. ஆனால் மேற்கோளுக்குள் மேக்ரோ விரியாது. அதைவிட முக்கியமாக, டூ ஃபார் லூப்பின் அடைப்புக்குள் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளே நுழையும்போதே ஒரே தடவை விரித்துவிடும், லூப்புக்குள் நீங்கள் சரத்தை மாற்றினாலும் அது பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். லூப்புக்குள் மேக்ரோ வேண்டாம், ஈவேல் வையுங்கள்.

இப்போது பெரிய துண்டு. ஒரு ஊருக்கான முழுப் படமும் ஒரு கட்டளையில் வர வேண்டும் என்பதற்கு, இப்போதுள்ள உங்கள் கோப்பில் ஒன்றை எடுத்து நிலையம் என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். மற்ற ஸ்கிரிப்டிலிருந்து கால் 'நிலையம்' 'ஏற்காடு' 'ஏற்காடு தினசரி மழை' என்று கூப்பிடுங்கள். கோப்புக்குள் ஏஆர்ஜி1 (ARG1) என்ற மாறியில் முதல் சொல் இருக்கும், ஏஆர்ஜி2-இல் தலைப்பு, ஏஆர்ஜிசி-யில் (ARGC) எத்தனை கொடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை, ஏஆர்ஜி0-இல் கோப்பின் பெயர். இப்படி ஏஆர்ஜி9 வரை. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் $0, $1 என்று இருக்கும், அது 4-ஆம் பதிப்பு முறை. அதை அப்படியே எண் பார்த்து மாற்றினால் ஒன்று தள்ளிவிடும், ஏனென்றால் அந்தக் காலத்து $0 என்பது இன்றைய ஏஆர்ஜி1. பழைய முறையில் பத்தியைக் குறிக்கும் $1-க்கும் இதற்கும் வேறு மோதல் வரும், அதனால் பழைய ஸ்கிரிப்டைக் காப்பி அடிக்காமல் புதிதாக எழுதுவதே மேல்.

ஏஆர்ஜி0 முதல் ஏஆர்ஜி9 வரை எல்லாம் சரங்கள். எண்ணாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் பூஜ்யத்தைக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள்: உச்சம் = ஏஆர்ஜி3 + 0. கோப்புப் பெயரை ஒட்ட ஒற்றைப் புள்ளி, ஏஆர்ஜி1.'.டிஎக்ஸ்டி' என்பது மாதிரி. உள்ளே முதல் காரியமாக, ஏஆர்ஜிசி 2-க்குக் குறைவாக இருந்தால் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி பிரின்ட் செய்துவிட்டு எக்ஸிட் போடுங்கள். கால் செய்த கோப்புக்குள் எக்ஸிட் போட்டால் அந்தக் கோப்பு மட்டும் நிற்கும், கூப்பிட்ட ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். ஆறு மாதம் கழித்து வைவாவுக்கு முன்னால் இந்தக் கோப்பைத் திறக்கும்போது அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

பிறகு எந்தக் கோப்பும் தான் வந்த இடத்தை இருந்தபடி விட்டுவிட்டுப் போக வேண்டும், இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. டெர்மினலை (படம் எந்த வடிவில் வெளிவரும் என்பதை) மாற்றுவதற்கு முன் செட் டெர்மினல் புஷ், முடிந்ததும் செட் டெர்மினல் பாப். செட் அவுட்புட் கொடுத்து எழுதிய படக் கோப்பைக் கடைசியில் அன்செட் அவுட்புட் போட்டு மூடவில்லை என்றால் சில சமயம் பாதிப் படமாகத்தான் திறக்கும். கோப்புக்குள் வைத்த மாறிகள் எல்லாம் வெளியிலும் தெரியும், க்னூபிளாட்டில் 6-ஆம் பதிப்புக்கு முன் உள்ளூர் மாறி என்பதே கிடையாது. உள்ளே ஐ என்று ஒரு எண்ணி வைத்து, வெளியே லூப்பிலும் ஐ இருந்தால் குழப்பம்தான். நிலையம் கோப்பின் மாறிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நி_ என்று ஒரு அடையாளம் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீரும். அச்சின் எல்லையை முடிவு செய்ய, தரவின் சிறுமம், பெருமம் போன்றவற்றைக் கணக்கிடும் ஸ்டாட்ஸ் கட்டளையை உள்ளே பயன்படுத்துவதாக இருந்தால், அச்சைத் தேதியாக மாற்றும் வரிக்கு முன்னாலேயே அதை ஓட்டி, ஸ்டாட்ஸ்_மேக்ஸ் (STATS_max) மதிப்பை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஆனபின் மழைப் படம் உள்ள மூன்று ஊரும் இப்படி ஓடும்: டூ ஃபார் [ஊர் இன் "ஓமலூர் ஆத்தூர் ஏற்காடு"] என்று ஒரு அடைப்பு, உள்ளே கால் 'நிலையம்' ஊர் (ஊர்.' தினசரி மழை'). மேட்டூருக்கு நீர்மட்டத் தலைப்போடு தனியாக ஒரு கால். கோட்டின் தடிமன் ஒரே ஒரு இடத்தில்.

6-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அதில் ஃபங்ஷன் பிளாக் என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள், பல வரிகளுக்கு நீளும் ஃபங்ஷன், பெயருக்கு முன்னால் டாலர் குறி, உள்ளே இஃப், லூப், ரிட்டர்ன், லோக்கல் எல்லாம் எழுதலாம். நீங்கள் எதிர்பார்த்த டெஃப்-க்கு மிக நெருக்கமானது இதுதான். தென்மேற்குப் பருவம் ஜூன் முதல் செப்டம்பர், வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் என்று மாதத்தைப் பார்த்து வகைப்படுத்துவது போன்ற, ஒரே வரியில் கேள்விக்குறி வைத்து எழுதினால் அசிங்கமாகிவிடும் கணக்குகளுக்கு அருமை. ஆனால் அவர்களே இதைச் சோதனை நிலையில் உள்ள வசதி என்றுதான் குறித்திருக்கிறார்கள், உபுண்டு 22.04 வைத்திருக்கும் கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் 5.4 தான் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் மட்டும் ஓடி, லேபில் ஓடாத ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டாம். ஷோ வெர்ஷன் அடித்துப் பாருங்கள், இரண்டு இடத்திலும் 6 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கல் மட்டும் கிடைத்தாலே பாதிச் சுமை குறையும், கால் செய்த கோப்புக்குள்ளும் அது செல்லும்.

எங்கே வைப்பது? சதம், நகர்வு, மட்டம், நாள்கோடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியில் லோட் செய்யுங்கள். செட் லோட்பாத் கொடுத்தாலோ, க்னூபிளாட்_லிப் (GNUPLOT_LIB) என்ற சூழல் மாறியை வைத்தாலோ லோட், கால், பிளாட் மூன்றும் அந்த அடைவில் போய்த் தேடும். விண்டோஸ் என்றால் பாதையை ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள், இரட்டையில் பின்சாய்வுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். க்னூபிளாட் தொடங்கும்போது தானாகவே படிக்கும் கோப்பு ஒன்றும் உண்டு, அதில் போட்டுவிடலாமே என்று பலர் சொல்வார்கள். உங்கள் நிறத் தேர்வு, எழுத்துரு அங்கே இருக்கட்டும், ஃபங்ஷன்கள் வேண்டாம். கைடுக்கு ஸ்கிரிப்டை மெயில் செய்தால் அவர் கணினியில் அந்தக் கோப்பு இருக்காது, முதல் ஈவேல் வரியிலேயே நின்றுவிடும்.

லேபிள்களைத் தமிழில் போட விரும்பினால், பிஎன்ஜி-கெய்ரோ (pngcairo) அல்லது பிடிஎஃப்-கெய்ரோ (pdfcairo) டெர்மினலை எடுங்கள், செட் என்கோடிங் யூடிஎஃப்8 கொடுங்கள், தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். அவை எழுத்தை அமைக்கப் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் கொம்பும் காலும் இடம் மாறாமல் விழும். வெறும் பிஎன்ஜி டெர்மினலை நம்பினால் 'மேட்டூர்' என்பதில் கொம்பு எங்கோ போய் நிற்க வாய்ப்புண்டு. இந்த வரிகளும் நிலையம் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்கும்போது நாலு ஊரையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஏற்காட்டுக் கோப்பை மட்டும் எடுத்து, மாறும் இடங்களில் ஏஆர்ஜி1, ஏஆர்ஜி2 வைத்து ஓட்டி, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து அச்சு எண்கள் உட்பட ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனபின் ஓமலூர், ஆத்தூர். மேட்டூரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும்தான் 120 அடிக் கோடு, அதனால் மூன்றாவது ஆர்க்யுமென்ட் கொடுத்திருந்தால் மட்டும் ஈவேல் மட்டம் ஓட வேண்டும் என்று ஏஆர்ஜிசி-யைப் பார்த்து ஒரு இஃப் சேர்க்க வேண்டியிருக்கும்.